அத்திவரதர் வந்த வருஷத்து இலக்கு

அரசாங்கத்துக்கு அடுத்த வருஷம் எவ்வளவு வரி வரும் என்று முன்கூட்டியே சொல்கிற வித்தையை நான் வெகு அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பார்த்த பிறகு கிளி ஜோசியக்காரர்கள் மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது. கிளியாவது கூண்டை விட்டு வெளியே வந்து ஒரு சீட்டை எடுக்கிறது. எங்கள் மேலிடத்தில் அந்தச் சிரமமும் கிடையாது.

எழுபதுகளில் காஞ்சிபுரத்தில் ஒரு விற்பனை வரி ஆபீசில் நான் குமாஸ்தா. பிள்ளையார்பாளையத்து நெசவு வீட்டுப் பெண் சர்க்கார் வேலைக்குப் போகிறாள் என்று தெருவில் கொஞ்ச நாள் பெருமையாகப் பேசினார்கள். எந்த ஆபீஸ் என்று தெரிந்ததும் சரிகைக் கடைக்காரர்கள் மட்டும் என் அப்பாவிடம் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தார்கள். நான் ஏதோ அவர்கள் கல்லாவுக்குள் கை விடப் போகிறேன் என்று பயம். என் கை போனதெல்லாம் கார்பன் தாளுக்குள்தான்.

மாதாந்திர வசூல் அறிக்கை என் மேஜை வேலை. அதில் கட்டங்கள் உண்டு. இந்த மாத இலக்கு, இந்த மாத வசூல், போன வருஷம் இதே மாத வசூல், வித்தியாசம். கடைசியாக ஒரு கட்டம், வித்தியாசத்துக்குக் காரணம். முதல் நாலு கட்டத்தைக் கூட்டல் கழித்தல் தெரிந்த யாரும் நிரப்பிவிடலாம். ஐந்தாவது கட்டம்தான் கற்பனைக்கு இடம் கொடுப்பது, அதனால் அதை என்னிடம் விட்டிருந்தார்கள்.

இலக்கு எங்கிருந்து வருகிறது என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டேன். சென்னையில் பட்ஜெட் வாசிக்கிறார்கள். விற்பனை வரி இவ்வளவு வரும் என்று அதில் ஒரு தொகை இருக்கிறது. வாசித்து முடித்ததும் மேஜையைத் தட்டிவிடுகிறார்கள். தட்டிவிட்ட பிறகு அந்தத் தொகை வராமல் போனால் மரியாதையாக இருக்காது. ஆகவே அதைக் கூறு போட்டு ஜில்லா ஜில்லாவாக அனுப்புகிறார்கள், எங்கள் ஆபீசுக்கும் ஒரு துண்டு வந்து விழுகிறது. அந்தத் தொகையை முதலில் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டால், போன வருஷத்துத் தொகையோடு பத்தில் ஒரு பங்கைக் கூட்டுவார்களாம். இவ்வளவுதான் மதிப்பீடு என்பது. பெங்களூர்ப் பக்கத்திலிருந்து கச்சாப் பட்டு வராமல் தறிகள் நின்றாலும் பத்தில் ஒரு பங்கு கூடும். தாமல் ஏரியில் மாடு மேய்ந்தாலும் கூடும். தென்னேரி உடைந்துகொண்டு வாலாஜாபாத் சாலையில் ஓடினாலும் கூடும்.

வசூல் கூடாதபோது காரணம் எழுத வேண்டும். ஒரே வருஷத்தில் மழை பெய்யாததையும் மழை பெய்ததையும் நான் காரணமாக எழுதியிருக்கிறேன். யாரும் திருப்பிக் கேட்டதில்லை. வசூல் இலக்கைத் தாண்டிவிட்டால் காரணம் ஒன்றே ஒன்றுதான், ஆபீசரின் தீவிர முயற்சி. அதற்கு ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்து வைத்துக்கொள்ளலாமா என்று நான் கேட்டதை அப்போதிருந்த ஆபீசர் நல்ல யோசனை என்று எடுத்துக்கொண்டார்.

இனி படக்கடை அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெருமாள் கோயிலுக்குப் போகும் தெருவில் சாமி படங்களுக்குச் சட்டம் போட்டு விற்கும் சின்னக் கடை அவருடையது. தாமலில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். கடை புருஷனுடையது. கண்ணாடி கிழித்து அந்த மனிதருக்கு வலது கையில் நரம்பு அறுந்துபோன பிறகு, அக்கா கண்ணாடியை அறுப்பார், அவர் கல்லாவில் உட்கார்ந்து இடது கையால் சில்லறை கொடுப்பார். அக்காவின் வாய் அறுக்காத இடத்தைக் கண்ணாடி அறுக்கிற கருவி அறுக்கும் என்பது தெருவில் பேச்சு. என்னிடமே ஒரு கல்யாணப் படத்துக்கு இரண்டு மடங்கு கூலி வாங்கியிருக்கிறார். கேட்டதற்கு, "மாப்ள மூஞ்சி பெருசா இருக்குதும்மா, கண்ணாடி அதிகம் புடிச்சுக்கிச்சு," என்றார். அதில் பாதியாவது உண்மை என்பதால் நான் பேசாமல் கொடுத்துவிட்டு வந்தேன்.

எங்கள் ஆபீஸ் சுவரில் இருந்த படங்களுக்கெல்லாம் சட்டம் போட்டவரும் அவர்தான். ஆட்சி மாறும்போது தலைவர் மாறுவார். புதுச் சட்டம் வாங்க ஆபீசில் பணம் ஒதுக்க மாட்டார்கள். எனவே அக்கா பழைய சட்டத்தின் ஆணியைக் கழற்றி, பழைய தலைவருக்கு மேலேயே புதுத் தலைவரை வைத்து அடித்துக் கொடுத்துவிடுவார். பழைய படம் பின் அட்டையாக உள்ளேயே இருக்கும். "அட்டைக்கி ஒரு ரூவா மிச்சம், அவருக்கும் எடம் போவல," என்பார். எங்கள் பியூன் பக்கத்தில் நின்று இதைப் பலமுறை பார்த்திருக்கிறார்.

அந்தக் கடையைத் தவிர அக்காவுக்கு வேறு பிழைப்பில்லை. அதை இழந்தால் தாமலில் அண்ணன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். தங்கை சொல்லாமல் கொள்ளாமல் கடைக்காரனைக் கட்டிக்கொண்டாள் என்று அன்றைக்கே கதவைச் சாத்திய அண்ணன். "அந்த வாசப்படி மிதிக்கறதுக்கு முன்னால காலை ஒடச்சிக்குவேன்," என்று அக்கா என்னிடம் ஒரு முறைக்கு மேல் சொன்னதுண்டு.

எழுபதுகள் முடியும் சமயத்தில் அத்திவரதர் வெளியே வந்தார். அத்திமரப் பெருமாள். கோயில் குளத்துக்குள் நீருக்கடியில் நாற்பது வருஷம் இருப்பார், ஒரு மண்டலம் வெளியே எழுந்தருளி சேவை சாதிப்பார், மறுபடி உள்ளே போய்விடுவார். எங்கள் வீடு ஏகாம்பரநாதர் கட்சி, பெருமாள் விஷயத்தில் எங்களுக்குப் பெரிய பரபரப்பு கிடையாது. ஆனாலும் அந்த ஆடியில் ஊர் மொத்தமும் பெருமாள் கட்சியாகிவிட்டது. பஸ் நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. அதுவரை பட்டுப் புடவையை ஆசைக்குத் தொட்டுப் பார்க்காதவர்கள்கூட இங்கே வந்ததற்கு ஒன்று என்று வாங்கிக்கொண்டு போனார்கள். பித்தளைக் குத்துவிளக்கு, பிளாஸ்டிக் குடம், கலர் சோடா, பாய், எல்லாம் விற்றது. அக்காவின் கடையில் சட்டம் போட்ட அத்திவரதர் படம் வைத்த கையோடு போனது. கண்ணாடி அறுத்து அறுத்து அவருடைய விரல்களிலெல்லாம் துணி சுற்றியிருந்தது. நான் பார்த்த வரையில் அவர் சிரித்துக்கொண்டே இருந்தது அந்த ஒரு மண்டலம்தான்.

அந்தத் தெருக் கடைக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. சாமி தண்ணிக்கு வெளியே இருக்கிற வரைக்கும் வாயால் குறை சொல்லக் கூடாது. சரக்கு இல்லை என்று சொல்ல மாட்டார்கள், நாளைக்கு நிறைய வருது என்பார்கள். வியாபாரம் எப்படி என்று கேட்டால், நிறைஞ்சு இருக்குது, வருஷம் முச்சூடும் இப்படித்தான் என்பார்கள். அப்படிச் சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்கவும் கூடாது. சாமி முன்னால் வைத்த படையலை எடுத்துத் தின்கிற மாதிரி அது. இதெல்லாம் எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

எங்கள் இன்ஸ்பெக்டருக்கும் தெரியும். பக்கத்து ஏனாத்தூர்க்காரன், இளம் வயது, பி.காம். முடித்தவன், நாலு வார்த்தைக்கு மூன்று இங்கிலீஷ். அவனுடைய அம்மா அந்த நாட்களில் வீட்டில் அரிசிப் பானை காலியாக இருந்தாலும் நிறைஞ்சிருக்குது என்றுதான் சொல்லியிருப்பாள். அவன் கூட்டம் நெரிந்த ஒரு சனிக்கிழமை படம் வாங்குகிறவன் மாதிரி அக்கா கடைக்குப் போனான். கடையில் நின்று அன்றைய விற்பனையை எண்ணினான். பிறகு தான் யார் என்று சொல்லிவிட்டு, "பிசினஸ் எப்படிக்கா?" என்று கேட்டான். அக்கா வழக்கப்படி பதில் சொன்னார். அவன் அதை அப்படியே தாளில் எழுதி அவரிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தான். வருஷம் முழுவதும் தினமும் இதே அளவு விற்பனை நடைபெறுகிறது என்று வணிகர் தம் வாயால் கூறினார். இதே மாதிரி தெருவில் இன்னும் சில பேரிடமும் வாங்கியிருந்தான்.

பெருமாள் மறுபடி குளத்துக்குள் போனார். பஸ் நிலையத்தில் பஸ்கள் மட்டும் நின்றன. அதற்குள் எங்கள் ஆடி மாத வசூல் சென்னைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே யாரோ ஒரு புத்திசாலி அதைப் பார்த்து ஆனந்தப்பட்டிருக்கிறார். காஞ்சிபுரத்தின் வளர்ச்சிப் போக்கைக் கருத்தில் கொண்டு எஞ்சிய மாதங்களுக்கான இலக்கு உயர்த்தப்படுகிறது என்று ஓர் உத்தரவு வந்தது. எங்கள் வீட்டுக்கு இப்படி ஒரு வியாபாரி வந்து, புடவையின் முந்தானையை மட்டும் விரித்துப் பார்த்துவிட்டு, உடம்பு முழுக்க இதே சரிகை என்று விலை பேசினால், அப்பா அவனுக்கு மோர் கொடுத்து வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளச் சொல்வார். இங்கே அந்த மாதிரி ஆட்களுக்குச் சுழல் நாற்காலி கொடுத்திருந்தார்கள்.

அடுத்த மாதம் வசூல் படுத்துவிட்டது. ஐந்தாவது கட்டம் என் முன்னால் காலியாக இருந்தது. எனக்கு மழையை இழுக்க மனசு வரவில்லை. முதல் தடவையாக உண்மையான காரணத்தை டைப் அடித்தேன். அத்திவரதர் குளத்துக்குத் திரும்பிவிட்டார். ஆபீசர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார், அவர் எதையுமே படித்ததில்லை. அறிக்கை போயிற்று.

பதில் வந்தது. மேற்படி நிகழ்ச்சி இந்த நிதியாண்டின் எஞ்சிய மாதங்களில் மீண்டும் நடைபெறுமா, நடைபெறுமாயின் எந்த மாதத்தில் என்று தெரிவிக்கவும்.

ஆபீசர் என்னைக் கூப்பிட்டுத் தாளை நீட்டினார். முகம் சிவந்திருந்தது. தென்பாண்டிப் பக்கத்து மனிதர், நெற்றியில் கெட்டியாகத் திருநீறு, வாயில் எப்போதும் ஏலக்காய். மாற்றலாகி வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கவில்லை.

"இது என்னம்மா விளையாட்டு?"

"கேள்வி அவங்க கேட்டது சார். விளையாட்டு யாருதுன்னு நீங்களே பாருங்க."

"நீ எழுதுனதுனாலதான கேட்டிருக்காங்க?"

"பொய் எழுதியிருந்தா கேட்டிருக்க மாட்டாங்க, ஒத்துக்கறேன் சார்."

அவர் ஏலக்காயை ஒரு பக்கமிருந்து மறு பக்கம் தள்ளிக்கொண்டு, "சரி, எப்ப வருமாம் மறுபடி?" என்றார். நாற்பது வருஷம் கழித்து என்றேன். அப்படியே எழுதி அனுப்பினோம். அதற்கும் பதில் வந்தது. விவரம் குறித்துக்கொள்ளப்பட்டது, இலக்கில் மாற்றமில்லை. அந்த வாக்கியத்தை எழுதியவரை ஒரு முறையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகு நாள் ஆசை இருந்தது. பார்த்து என்ன கேட்பது என்றுதான் தெரியவில்லை.

இலக்கு மாறவில்லை என்றான பிறகு எங்கிருந்தாவது வரியை எடுத்தாக வேண்டும். பெரிய கடைகளைத் தொட்டால் மந்திரி வீட்டிலிருந்து போன் வரும். ஆபீசர் மேஜை இழுப்பறையைத் திறந்து ஆடி மாதத்து வாக்குமூலங்களை வெளியே எடுத்தார். ஒரு சனிக்கிழமை விற்பனையை வருஷத்தின் எல்லா நாட்களாலும் பெருக்கினால் அக்கா பெரிய வணிகராகிவிட்டார். வரி வரம்புக்குக் கீழேயே காலம் தள்ளிக்கொண்டிருந்த கடை அது. நோட்டீசை டைப் அடித்தவள் நான். தொகையை இரண்டு தரம் பெருக்கிப் பார்த்தேன், பெருக்கலில் தப்பில்லை. கடையை, கண்ணாடியை, கல்லாவை எல்லாவற்றையும் விற்றாலும் அந்தத் தொகை தேறாது.

நான் முதலில் இன்ஸ்பெக்டரிடம் போனேன்.

"உனக்கு அந்த வழக்கம் தெரியாதாப்பா? உங்க ஊரும் இதானே?"

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சுமா எழுதினே?"

"நான் என்னா பண்றது மேடம்? ரெவ்யூ மீட்டிங்ல என்னைத்தான் நிக்க வெக்கிறாங்க. டார்கெட்டை எங்க அம்மாவா குடுப்பாங்க?"

அவனைத் திட்ட எனக்கு வார்த்தை கிடைத்தது, சொன்னேன், அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான், பிறகு காபி குடிக்கப் போனான். அதனால் ஒன்றும் ஆகவில்லை.

விசாரணைக்கு முதல் நாள் அக்கா கடைக்குப் போனேன். கூட்டத்தை நம்பி கடன் வாங்கி அச்சடித்த அத்திவரதர் படங்கள் சுவர் நிறைய மாட்டியிருந்தன. வாங்க ஆளில்லை. பெருமாள் உள்ளே போனதும் அவர் படமும் ஏனோ ஜனங்களுக்கு அலுத்துவிட்டது. நான் அக்காவுக்குப் பாடம் நடத்துகிற மாதிரி சொல்லிக்கொடுத்தேன். அது கூட்டம் இருந்த நாள், அன்றைக்கு வாய்க்கு வந்ததைச் சொன்னேன், இப்போது வியாபாரம் இல்லை என்று சொன்னால் போதும். ஆபீசருக்கு வேறு வழியிருக்காது, குறைத்தாக வேண்டும்.

அக்கா கண்ணாடித் துண்டுகளை ஓரமாகத் தள்ளிக்கொண்டே கேட்டார். "சாமி வெளிய இருந்தப்ப சொன்ன வார்த்தம்மா அது. இல்லன்னு எப்டி சொல்றது?"

"சாமிதான் உள்ள போயிடுச்சே அக்கா."

"உள்ள போனா காது கேக்காதா?"

"கடை போயிடும் அக்கா. தாமலுக்குப் போக வேண்டியதுதான்."

அதைக் கேட்டதும் அவருடைய கை நின்றது. முகம் மாறியதை நான் பார்த்தேன். கல்லாவில் இருந்த புருஷன், "சொல்லிடேன், இன்னா பெரிய வார்த்த," என்று முனகினார். அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை. "பேஜார் பண்ணாதம்மா, போ. வேல கெடக்குது," என்று என்னை அனுப்பிவிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. இந்தப் பிடிவாதத்தை எந்தக் குளத்தில் கொண்டுபோய்ப் போடுவது என்று திட்டிக்கொண்டேதான் வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாள் அக்கா பச்சைப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்தார். வரியைக் குறைக்கச் சொல்லி வருகிறவர்கள் கந்தலில் வருவதுதான் எங்கள் ஆபீஸ் வழக்கம். சரிகைக் கடை முதலாளிகள்கூட அன்றைக்கு மட்டும் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வருவார்கள். இவர் இருந்த ஒரே பட்டைக் கட்டிக்கொண்டு வந்தார்.

ஆபீசர் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினார். "இது நீங்க சொன்னதாம்மா?"

"சொன்னேன்."

"உண்மையா?"

நான் டைப்ரைட்டருக்குப் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினேன். அக்கா என்னைப் பார்த்தார், பார்த்துவிட்டு ஆபீசரிடம், "சாமி புண்ணியத்துல ஒரு குறையும் இல்ல," என்றார்.

நான் எழுந்து நின்று வழக்கத்தைச் சொன்னேன். இந்த ஊரில் அந்த நாட்களில் இப்படித்தான் பேசுவார்கள், அது கணக்கு அல்ல, வேண்டுமானால் இன்ஸ்பெக்டரையே கேளுங்கள் என்றேன். இன்ஸ்பெக்டர் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தான். ஆபீசர், "வழக்கத்துக்கெல்லாம் சட்டத்துல எங்கம்மா இடம்? அவங்களே ஒத்துக்கிறாங்க, உனக்கு என்ன?" என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. ஒரு தொகை கிடைத்துவிட்ட திருப்திதான் இருந்தது.

அப்பீல் போகலாம் என்று அக்காவிடம் அப்புறமும் சொல்லிப் பார்த்தேன். மனுவில் நான் முன்பு கூறியது தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட மாட்டேன் என்றுவிட்டார்.

மாசி மாதம் ஜப்தி நடந்தது. சட்டக் கட்டைகள், கண்ணாடிகள், விற்காத அத்திவரதர் படங்கள், கல்லாப் பெட்டி, எல்லாவற்றையும் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் ரிக்கார்டு அறையில் போட்டார்கள். ஏலம் போட்டார்கள். அந்தத் தெருக் கடைக்காரன் ஒருவனும் வாய் திறக்கவில்லை. ஜப்தி செய்த பெருமாளை ஏலத்தில் எடுத்தால் குடும்பம் விளங்காது என்று அவர்கள் எண்ணம். சர்க்காருக்கு அந்தக் கடையிலிருந்து ஒரு நயா பைசா வரவில்லை. கடை சாத்தினதுதான் மிச்சம். அக்கா புருஷனைக் கூட்டிக்கொண்டு தாமலுக்கு பஸ் ஏறினார். நான் அன்றைக்கு லீவு போடவில்லை, வழியனுப்பவும் போகவில்லை. போனால் அழுதிருப்பேன், அக்கா அதற்கும் என்னைத் திட்டியிருப்பார்.

ஆனால் என் அறிக்கையில் அந்தக் கடை சாகவில்லை. வரவேண்டிய வரி என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் அக்காவின் தொகை பத்திரமாக உட்கார்ந்திருந்தது. அடுத்த வருஷத்து மதிப்பீடு போட்டபோது அதையும் சேர்த்து, மேலே பத்தில் ஒரு பங்கையும் கூட்டிக்கொண்டார்கள். பூட்டின கடை ஒரே வருஷத்தில் பத்தில் ஒரு பங்கு வளர்ந்த அதிசயத்தை நான் என் கையால் டைப் அடித்தேன்.

இலக்கை எப்படி எட்டினோம் என்று கேட்கலாம். வெகு சுலபம். மார்ச் மாதக் கடைசி வாரத்தில் ஆபீசர் சரிகை வியாபாரிகளையும் பாத்திரக்கடைக்காரர்களையும் கூப்பிட்டு ஏலக்காய் கொடுத்தார். ஏப்ரலில் கட்ட வேண்டிய வரியை மார்ச்சிலேயே கட்டிவிட்டால் உபகாரமாக இருக்கும் என்றார். கட்டினார்கள். பதிலுக்கு அவர்களுக்கு என்ன உபகாரம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரலில் ஓட்டை விழும், அதை அடுத்த மார்ச்சில் அடைப்பார்கள். இப்படி ஒரு சட்டையைக் கிழித்து அடுத்த சட்டைக்கு ஒட்டுப் போட்டே எங்கள் ஆபீஸ் பல வருஷம் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டது. ஐந்தாவது கட்டத்தில் ஆபீசரின் தீவிர முயற்சி என்று அடித்தேன்.

சென்னையிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. உயர்த்தப்பட்ட இலக்கையும் தாண்டிய ஆபீசருக்கு வாழ்த்து. கீழே பெரிய கையெழுத்து, பெரிய முத்திரை. ஆபீசர் அதைப் பியூனிடம் கொடுத்து, சட்டம் போட்டு நாற்காலிக்குப் பின்னால் மாட்டச் சொன்னார். பியூன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். ஊரில் நாம் சொன்ன கூலிக்குச் சட்டம் போடுகிற கடை இப்போது இல்லையே என்றார். எந்தக் கடை என்று ஆபீசர் கேட்கவில்லை. ரிக்கார்டு அறையில் குப்பையாகக் கிடக்கிறதே, அதில் ஒன்றை எடுத்துக்கொள் என்றார்.

கடிதம் மாட்டப்பட்டது. மழமழவென்ற தேக்குச் சட்டம், மூலைகளில் ஒட்டுத் தெரியாத வேலை. ஆபீசரைப் பார்க்க வருகிற எல்லோரும் முதலில் அதைப் பார்க்க வேண்டியிருந்தது.

வைகாசியில் ஒரு நாள் அக்கா வந்தார். தாமல் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்க வேண்டும், புடவை கசங்கியிருந்தது. இளைத்துப்போயிருந்தார். அண்ணன் வீட்டுக் கொல்லையில் ஒரு சாய்ப்பு இறக்கிக் கொடுத்திருக்கிறார்களாம். அண்ணி தினமும் ஒரு வார்த்தை சொல்கிறாளாம். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கண்ணாடி அறுக்கிற வைரமுனைக் கருவி சாமான்களோடு வந்துவிட்டது, அதை மட்டும் கொடுத்தால் அங்கேயே ஏதாவது சட்டம் போட்டுப் பிழைத்துக்கொள்வேன் என்றார். தொழில் கருவியை ஜப்தி செய்யவே கூடாது என்று சட்டத்தில் இருக்கிறது. நான் அதை ஆபீசரிடம் சத்தமாகவே சொன்னேன். அவர் பெருந்தன்மையோடு, "சரி, குடுத்து அனுப்பு," என்றார். பியூன் போய் எடுத்துக்கொண்டு வந்தார். அக்கா முனையைக் கட்டைவிரலில் தடவிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

நிமிர்ந்தபோது சுவரில் இருந்த சட்டம் கண்ணில் பட்டது. தன் கை வேலை என்று தெரிய அவருக்கு நேரமாகவில்லை. கையெழுத்துப் போட மட்டுமே தெரிந்த அவருக்குக் கடிதத்தைப் படிக்கத் தெரியாது. அவர் பியூனைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இதுல இருந்த சாமி எங்கப்பா?"

பியூனுக்கு வாய் குழறியது. "உள்ளதான்கா இருக்காரு. உங்க வழக்கந்தான். அட்டைக்கி பதிலா பின்னாலயே வெச்சி அடிச்சிட்டேன்."

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டடி முன்னால் போனார். பாராட்டுக் கடிதத்துக்கு நேராக நின்று, கண்ணை மூடி, இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஏலக்காய் மென்றுகொண்டிருந்த ஆபீசர் இதைப் பார்த்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"எல்லாம் உங்கள மாதிரி வரி கட்டுறவங்க ஒத்துழைப்புதாம்மா," என்றார்.